ஒளிப்படக் கேள்வி – பதில்: 'அருமை' என்பதற்கு அப்பால்

கேள்வி: நெடுநாளாக என் படங்களை இணையத்தில் உள்ள ஒளிப்படக் குழுக்களில் பதிவேற்றி வருகிறேன். 'அருமை', 'சூப்பர்' என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. என் படங்களும் முன்னேறியதாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: லைக் என்பது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் கணக்குதான், அதை வைத்துப் படத்தின் தரத்தை எடைபோட முடியாது. கருத்துரைக்கென்றே இயங்கும் குழுக்களில் சேருங்கள். கேட்கும் முறையையும் மாற்றுங்கள். 'படம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்ற பதில்தான் வரும். 'சன்னலோரம் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தைவிடப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவர் கண்ணை இழுக்கிறதா?' என்று கேட்டால், பார்ப்பவர் அந்தச் சுவரைக் கவனித்தே ஆக வேண்டும்.

ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்), லென்ஸ் ஆகிய விவரங்களையும் உடன் கொடுங்கள். 2004-இல் தொடங்கிய ஃபிளிக்கர் போன்ற படப்பகிர்வுத் தளங்கள், கேமரா படக்கோப்பிலேயே பதிந்துவைக்கும் இந்த விவரங்களை, அதாவது எக்ஸிஃப் தகவல்களை, தாமே காட்டும். ஆனால் சில மென்பொருள்களில் திருத்திச் சேமிக்கும்போது அவை அழிந்துவிடுவதுண்டு. இந்த விவரங்கள் இல்லாவிட்டால், 'படம் தெளிவாக இல்லை' என்பதோடு விமர்சனம் நின்றுவிடும். தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும், சிறு அசைவையும் பெரிதாக்கிவிடும் 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/60 நொடியில் எடுத்தது என்று தெரிந்தால், கை அசைந்திருக்குமோ என்ற சந்தேகம் உடனே எழும். பாட்டியோடு அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியும் ஒரே திசையில் இழுபட்டாற்போல் தெரிந்தால், அந்தச் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். நாற்காலி தெளிவாக இருந்து கைவிரல்கள் மட்டும் மங்கியிருந்தால் அசைந்தவர் பாட்டி. காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், எது நேர்ந்தது என்று அறியாமல் அடுத்த படத்தைத் திருத்த வழியில்லை.

கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது குழம்ப வேண்டாம். ஒருவர் இடப்பக்கத்தை வெட்டச் சொல்வார், இன்னொருவர் அதை இருட்டாக்கச் சொல்வார், மூன்றாமவர் நீங்கள் இரண்டடி தள்ளி நின்றிருக்க வேண்டும் என்பார். மூவர் கண்ணும் இடறியது அந்த இடப்பக்கத்தில்தான். குறை இருக்கும் இடத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை நம்புங்கள். தீர்வை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். சொன்னவரின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சொல்லை ஏற்பேன் என்பது எனக்கு உடன்பாடில்லை. சுமாராகப் படம் எடுப்பவர்களில் கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: புதியவனான நான் மற்றவர்களின் படங்களுக்குக் கருத்துச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பிறர் எழுதியதைப் படிக்கும் முன்பே, உங்கள் கண் முதலில் எங்கே சென்றது, அடுத்து எங்கே நகர்ந்தது, எங்கே தடுமாறியது என்று எழுதுங்கள். தீர்ப்பு வேண்டாம்; கண்டதைச் சொன்னாலே எடுத்தவருக்குப் பயன்படும். தன் படத்தில் கண்ணுக்குப் படாத குறை அடுத்தவர் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால், இந்தப் பழக்கத்தில் அதிக ஆதாயம் உங்களுக்கே.

கேள்வி: என் படங்களில் நிறம் சோகையாக இருப்பதாகச் சிலர் குறை சொல்கிறார்கள். என் கணினியில் நன்றாகவே தெரிகிறதே?

பதில்: படத்தை அடோபி ஆர்.ஜி.பி. நிறவெளியில் (ஒரு கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் வரம்பே நிறவெளி) சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எந்த நிறவெளி என்று கோப்பில் உள்ள நிறக்குறிப்பு நீங்கிவிட்டாலோ, பார்ப்பவரின் மென்பொருள் அதைப் பொருட்படுத்தாவிட்டாலோ, அத்தகைய படம் வெளிறித் தெரியும். இணையத்துக்கான பிரதியை, அங்கே பொதுவாகப் பயன்படும் நிறவெளியான எஸ்.ஆர்.ஜி.பி.யில் சேமித்து, அதே நபர்களிடம் மீண்டும் காட்டுங்கள். அப்போதும் அவர்கள் அதையே சொன்னால், உங்கள் திரையின் வெளிச்சத்தையும் நிற அமைப்பையும் சரிபார்ப்பது நல்லது.