கட்டி சார்க் அவ்வளவு வேகமான பாய்மரக் கப்பல் என்றால், சூயஸ் கால்வாய் வழியாக ஏன் போகவில்லை?

இந்தப் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு விஸ்கி பாட்டிலில். கப்பலின் கதை தெரிய வந்தது ரொம்பப் பின்னால்தான்.

வேகம் இருந்து என்ன, காற்று ஒத்துவர வேண்டுமே. செங்கடலின் வடபகுதியில் பெரும்பாலும் வடமேற்குக் காற்று. சீனாவிலிருந்து லண்டன் திரும்பும் கப்பலுக்கு அது நேர் எதிர்க்காற்று. பாய்மரக் கப்பல் எதிர்க்காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். அந்தக் கடலோ குறுகலானது, கரையோரமெல்லாம் பவளப்பாறை. கால்வாய்க்குள் போனால் இழுவைக் கப்பல் பிடிக்க வேண்டும், அது தனிச் செலவு. நீராவிக் கப்பலுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது.

ஜான் வில்லிஸ் என்ற லண்டன் கப்பல் முதலாளி சீனத் தேயிலைக்காகக் கட்டிய கப்பல் இது. ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் நீரில் இறங்கிய நாள் 1869 நவம்பர் 22. சூயஸ் கால்வாய் திறந்தது நவம்பர் 17. ஐந்தே நாள்! போதாக்குறைக்கு, வேலை முடிவதற்குள் கட்டிய நிறுவனமே திவாலாகிவிட்டது. ஜாதகம் அப்படி.

1872இல் தெர்மாபிலே என்ற கப்பலோடு நடந்த போட்டியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஷாங்காயிலிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலில் நன்றாக முந்திக்கொண்டிருந்தபோது புயலில் கப்பலைத் திருப்பும் சுக்கான் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கப்பலிலிருந்த முதலாளியின் தம்பி, ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்கச் சொன்னார். கேப்டன் மூடி கேட்கவில்லை. ஆடுகிற மேல்தளத்திலேயே உலை மூட்டி, கையிலிருந்த மரத்தையும் இரும்பையும் வைத்துப் புதுச் சுக்கான் செய்து மாட்டினார்கள். லண்டனுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் வந்தது. ஆனாலும் ஜெயித்த கப்பலை இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

சரி, தேயிலையில் கோட்டை விட்டாயிற்று. கால்வாய் வழியே நீராவிக் கப்பல்கள் அதை அள்ளிக்கொண்டு போக, 1877க்கு அப்புறம் தேயிலைச் சரக்கே கிடைக்கவில்லை. கிடைத்ததை ஏற்றிக்கொண்டு அலைந்த கப்பலுக்கு 1883இல் ஆஸ்திரேலியக் கம்பளி கிடைத்தது. என்னைக் கேட்டால் இதன் உண்மையான காலம் அதுதான். தென்கோளத்தில் 40 டிகிரிக்குக் கீழே மேற்குக் காற்று விடாமல் அடிக்கும், நடுவில் தடுக்க நிலம் அதிகம் கிடையாது. அந்தக் காற்றுக்கென்றே பிறந்த மாதிரி ஓடியது. கேப்டன் வுட்ஜெட் 1885இல் பொறுப்பேற்று, முதல் பயணத்திலேயே சிட்னியிலிருந்து லண்டனுக்கு 73 நாளில் கொண்டுவந்து சேர்த்தார்.

1889 ஜூலையில் ஓர் இரவு, சிட்னியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பிரிட்டானியா என்ற பயணிகள் நீராவிக் கப்பலின் பின்னால் ஒரு விளக்கு தெரிந்தது. நெருங்கிக்கொண்டே வந்தது. அதிகாரிகளுக்கு என்னவென்றே புரியவில்லை. ஏறக்குறைய 17 நாட் (மணிக்குச் சுமார் 31 கி.மீ.) வேகத்தில் பக்கவாட்டில் வந்து கடந்து போனது கட்டி சார்க்.