ரத்த பிஎச் 7.4-லிருந்து 7.1: வெறும் 0.3-க்கு ஏன் பதற்றம்?

பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண். ரத்தத்தில் அது வெறும் 0.3 குறைந்ததற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டிருந்தீர்கள். அந்த 0.3 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். லிட்டருக்குச் சுமார் 40 நானோமோல் இருந்தது 80 ஆகிறது. "7-ல் 0.3 என்றால் நாலு சதவீதம்தானே" என்று நீங்கள் போட்ட கணக்கு இங்கே செல்லாது.

பிஎச்சை வெப்பநிலை மாதிரி சாதாரண அளவுகோலாக எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். அது மடக்கை அளவுகோல். ஒரு எண் இறங்கினால் செறிவு பத்து மடங்கு ஏறும்.

கால்குலேட்டரில் 10-இன் அடுக்கு −7.4, பிறகு −7.1 போட்டு, இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 2-க்கு ஒட்டி வரும்.

80 நானோமோல் என்பதே துளியூண்டுதான். சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்கிறது (ஒரு மில்லிமோல் என்பது பத்து லட்சம் நானோமோல்). ஆனால் ஹைட்ரஜன் அயனி புரதங்களில் ஒட்டி அவற்றின் மின்சுமையையும் வடிவத்தையும் மாற்றும். நொதிகள் தடுமாறுவது அதனால்தான். பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பொருள்), நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் இந்த அளவைச் சீராக வைக்க ஓயாமல் உழைக்கின்றன.

ஒன்று கவனியுங்கள்: 7.1-இல் 'அமிலத்தேக்கம்' (ரத்தத்தில் அமிலம் இயல்பைவிடக் கூடிய நிலை) என்றாலும் ரத்தம் அமிலமாகிவிடவில்லை. உடல் வெப்பமான 37 டிகிரியில் நடுநிலைப் புள்ளியே சுமார் 6.8தான்; 7.1 அதற்கு மேலே, காரப் பக்கம்தான் இருக்கிறது.