தண்டையார்பேட்டைப் பையனுக்கு ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்பா காசிமேட்டில் ஐஸ் லோடு ஏற்றுகிறார். ஆன்லைனில் நாற்பது இடத்துக்கு மேல் இன்டர்ன்ஷிப்புக்குப் போட்டுவிட்டேன், ஒரு பதிலும் வரவில்லை. 6,000 ரூபாய் கட்டினால் 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் இன்டர்ன்ஷிப்' சர்டிஃபிகேட் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் வந்தது. கட்டலாமா?

கட்ட வேண்டாம் தம்பி. வேலை செய்ய வருகிற ஆளிடமே காசு கேட்பவர்கள் வேலை கற்றுத்தரப் போவதில்லை. நாலு வீடியோ அனுப்பிவிட்டு, கடைசியில் உங்கள் பேரைப் போட்டு ஒரு பிடிஎஃப் அனுப்புவார்கள், அவ்வளவுதான். அந்த மாதிரி சர்டிஃபிகேட்டோடு வந்த பிள்ளைகளை நான் இன்டர்வியூ எடுத்திருக்கிறேன், 'அங்கே என்ன வேலை செய்தீர்கள்' என்று கேட்டவுடனே முகம் வாடிவிடுகிறது, பார்க்கவே கஷ்டமாக இருக்கும். 6,000 ரூபாய் என்பது உங்கள் அப்பா எத்தனை விடியற்காலை ஐஸ் சுமந்த காசு என்று உங்களுக்கே தெரியும்.

பதில் வராததை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரிய வங்கிகளும் கன்சல்டிங் கம்பெனிகளும் பெரும்பாலும் தங்களுக்குப் பழக்கப்பட்ட கல்லூரிகளின் கேம்பஸிலேயே இன்டர்ன்களை எடுத்துவிடுகின்றன. ராஜாஜி சாலையில் தினமும் நீங்கள் பார்க்கிற ரிசர்வ் வங்கி கூட கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு மூன்றாண்டு பி.காம். மாணவர்களை எடுப்பதில்லை. கதவு இன்னும் திறக்காத இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதுதான் விஷயம். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே திறந்திருக்கிற கதவுகள் நிறைய இருக்கின்றன.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மண்ணடி. இறங்கி நடந்தால் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, மூர் தெரு. நிமிர்ந்து போர்டுகளைப் பாருங்கள்: ஆடிட்டர் ஆபீஸ், கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட், ஷிப்பிங் கம்பெனி. சுங்க அலுவலகமும் துறைமுகமும் பக்கத்திலேயே இருப்பதால் இந்தத் தெருக்களில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு தினமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் லெட்டர் ஆஃப் கிரெடிட் (எல்.சி., வாங்குபவர் சார்பில் பணத்துக்கு வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) என்று இரண்டு பக்கம் படித்திருப்பீர்கள், இங்கே அதே எல்.சி.யில் ஒரு எழுத்து தப்பாக இருந்ததற்காக வங்கி டாக்குமென்ட்டைத் திருப்பி அனுப்பி, ஓனர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதை நேரில் பார்க்கலாம். டிரேட் ஃபைனான்ஸ் என்று பெரிய வங்கிகள் சொல்கிற வேலை இதுதான்.

எப்போது போவது என்பது முக்கியம், பலர் இதில்தான் தவறுகிறார்கள். மாதம் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்), 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). இந்த நாட்களில் ஆடிட்டர் ஆபீஸுக்குள் நுழைந்தால் யாரும் உங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். 22ஆம் தேதிக்கு மேல் ஒரு மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து மூன்று மணி வாக்கில் போங்கள். செப்டம்பர் மாதம் டேக்ஸ் ஆடிட் நெருக்கடி, அப்போது போய்ச் சேர முடியாது, ஆனால் ஆகஸ்ட்டிலேயே சேர்ந்துவிட்டால் அந்த நெருக்கடிதான் உங்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம்.

ஒரே ஒரு பக்கத்தில் ரெஸ்யூமே போதும். 'ஹார்டு வொர்க்கிங், டீம் பிளேயர்' எல்லாம் வேண்டாம். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் வவுச்சர் என்ட்ரி போடத் தெரியும், எக்செலில் வி-லுக்கப், பிவட் தெரியும், வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை மணி முதல் வர முடியும், இதை எழுதுங்கள். ஆடிட்டரைப் பார்க்க முடியாவிட்டால் அங்கே இருக்கும் சீனியர் அக்கவுன்டன்ட்டிடம், 'சார், மூணு மாசம் வரேன், வவுச்சர் அடுக்குறதுல இருந்து எது குடுத்தாலும் செய்யறேன், வேலை கத்துக்கணும்' என்று நேராகச் சொல்லுங்கள். உள்ளே யாரை எடுப்பது என்று பல ஆபீஸில் அவர்தான் முடிவு செய்கிறார். பத்து ஆபீஸ் படி ஏறினால் ஏழு இடத்தில் இல்லை என்பார்கள், ஏறத்தான் வேண்டும்.

அங்கே போய் என்ன கற்றுக்கொள்வீர்கள் என்பதற்கு ஓர் உதாரணம். சௌகார்பேட்டை வியாபாரி ஒருவர் 1,00,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, 18 சதவீத வரியோடு 1,18,000 கொடுத்திருக்கிறார். பில் கையில் இருக்கிறது, பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. ஆனால் ஜிஎஸ்டி போர்ட்டலில் டூ-பி (விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) எடுத்துப் பார்த்தால் அந்த பில் இல்லை. விற்றவர் ரிட்டர்ன் போடவில்லை, அல்லது ஜிஎஸ்டி நம்பரில் ஒரு இலக்கம் மாற்றிப் போட்டுவிட்டார். 2022 ஜனவரியிலிருந்து டூ-பியில் வராத பில்லுக்கு கிரெடிட் எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது, ஆக அந்த 18,000 இந்த மாதம் இவர் கையிலிருந்து போகும். நீங்கள் எக்செலில் இரண்டு லிஸ்ட்டையும் ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைக் கண்டுபிடித்து, விற்றவருக்கு போன் போட்டு 'அண்ணே, அந்த பில் ஏறலை' என்று சொல்லிச் சரிசெய்ய வைக்கிறீர்கள். இதை ஒரு மாதம் செய்தாலே போதும், நாளைக்கு எந்தப் பெரிய கம்பெனி இன்டர்வியூவிலும் இந்த ஒரு கதையை ஐந்து நிமிடம் சொல்லலாம், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

இரண்டு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. 'ஃபைனான்ஸ் இன்டர்ன்' என்று எடுத்து, சொந்தக்காரர் பட்டியல் எழுதச் சொல்லி, அவர்களிடம் இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்பவர்கள். அது விற்பனை வேலை, உங்களுக்குப் பிடித்திருந்தால் தெரிந்தே செய்யுங்கள். இன்னொன்று ரொம்ப ஆபத்து: உங்கள் பேங்க் அக்கவுன்ட்டில் பணம் வரும், அதை வேறு அக்கவுன்ட்டுக்கு மாற்றிவிட்டால் கமிஷன் என்பார்கள். அது ஏமாற்றிப் பறித்த பணம். அக்கவுன்ட் முடங்கும், போலீஸ் உங்களைத் தேடி வரும், படிப்பே கெட்டுவிடும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வீட்டில் சொல்லிவிட்டு சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள்.

ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. ஆவதற்கு ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி) பற்றிக் கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அது வேறு. சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் பாஸ் செய்த பிறகு சேர்வது அது, 2023 ஜூலையிலிருந்து இரண்டு வருடம். நீங்கள் இப்போது கேட்பதற்கு அந்தப் பரீட்சை எதுவும் தேவையில்லை.

காசு பற்றி: சின்ன ஆபீஸில் பஸ் காசு, டீ காசு அளவுக்குத்தான் கொடுப்பார்கள், சில இடத்தில் அதுவும் இருக்காது. வீட்டு நிலைமைக்கு அது கட்டாது என்றால் கல்லூரி முடிந்து சாயங்காலம் மட்டும் வருகிறேன் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கிளையன்ட் கணக்கை போனில் படம் எடுக்காதீர்கள், வெளியே பேசாதீர்கள். முடியும்போது லெட்டர்ஹெட்டில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்னென்ன வேலை செய்தீர்கள் என்று எழுதி, ஆடிட்டர் கையெழுத்து, சீலோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு யாரும் 6,000 ரூபாய் கேட்கமாட்டார்கள்.