பிள்ளை பிறந்த பிறகு வாசிப்பு ஏன் நின்றுபோகிறது? திரும்பத் தொடங்க வழி உண்டா?

கேள்வி: நானும் மனைவியும் சின்னதில் கச்சான் சுற்றிவந்த சரையைக்கூட விரித்து வாசித்தவர்கள். மகளுக்கு இப்போது 3 வயது. இரண்டு பேரும் ஒரு புத்தகத்தை முழுதாக முடித்து மூன்று வருடமாகிறது. இதை மாற்றலாமா? இருப்பது திருகோணமலை.

பதில்:

மாற்றலாம். உங்கள் வாசிப்பு அறுந்த இடத்தில்தான் மகளின் வாசிப்பு தொடங்குகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் பக்கம். பிள்ளை வந்தபின் நேரம் இல்லாமல் போவதைவிட, இருக்கிற நேரம் துண்டு துண்டாகிவிடுவதுதான் பெரிய சிக்கல். 500 பக்க நாவலை எடுக்கிறீர்கள், 30 பக்கம் போனதும் பிள்ளைக்குக் காய்ச்சல், நாலு நாள் கழித்து விரித்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று பின்னுக்குப் புரட்ட வேண்டும். இரண்டு தரம் அப்படி நடந்தால் புத்தகம் அலுமாரிக்குப் போய்விடும். ஆகவே ஒரு வருடத்துக்குப் பெரிய நாவலைத் தொடாதீர்கள். சிறுகதை, கவிதை, கட்டுரை, கடிதம் என்று 10, 12 பக்கத்தில் முடிகிற எதுவும் சரி. பிள்ளை தோளில் தூங்கும்போது ஒரு கையால் பிடிக்கக்கூடிய பாரமாகவும் இருக்கட்டும்.

புத்தகம் கிடக்கிற இடமும் முக்கியம். பிள்ளையைப் படுக்கவைக்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம் இருக்க வேண்டும், போன் குசினியில் சார்ஜில் கிடக்க வேண்டும். மாறி இருந்தால் எந்த வைராக்கியமும் மூன்று நாளைக்கு மேல் நிற்காது.

இனி மகள். பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது எல்லா மொழியிலும் நல்லதுதான், ஆனால் தமிழில் அதற்குத் தனி அவசியம் ஒன்று உண்டு. நாம் கதைக்கிற தமிழ் வேறு, அச்சில் இருக்கிற தமிழ் வேறு. ‘அம்மா கடைக்குப் போட்டா’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘அம்மா கடைக்குச் சென்றுவிட்டார்’ என்பது பாதி புதுமொழி. தரம் 1, 2இல் எழுத்துக்கூட்டத் தெரிந்தும் வாசித்தது விளங்காமல் பிள்ளைகள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துத் தமிழ் 3 வயதிலிருந்தே காதில் விழுந்திருந்தால் இந்த மேடு குறையும்.

புதுப் புத்தகம் ஒன்றை முதல் நாள் படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் அச்சில் உள்ளபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல், விரலை வரிக்குக் கீழே ஓட்டி வாசியுங்கள். மூன்றாம் நாளிலிருந்து வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள், அவளே சொல்லுவாள். அதே புத்தகத்தை 20 தரம் கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள், அந்த வயதில் படிப்பு நடப்பதே அந்தத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான். 10 நிமிடம் போதும்.

நமக்குக் கிடைக்கும் சிறுவர் புத்தகங்களில் பல தமிழ்நாட்டில் அச்சானவை. நாற்காலி, துடைப்பம், பப்பாளி, வேர்க்கடலை என்று வரும். வாசிக்கும்போது கதிரை, தும்புத்தடி, பப்பாசி, கச்சான் என்று மாற்றிவிட வேண்டாம். அச்சில் உள்ளதைச் சொல்லி, பக்கத்தில் ‘அதுதான் எங்கட கதிரை’ என்று ஒட்டிவிடுங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு சொல் கிடைப்பது பிள்ளைக்கு லாபம்.

விஜயதசமியில் ஏடு தொடக்கியதும் பல வீடுகளில் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள், ‘இனி அவளே வாசிக்கட்டும்’ என்று. அது பிழை. கேட்டு விளங்கும் அளவுக்கு வாசித்து விளங்க இன்னும் சில வருடம் எடுக்கும். 8, 9 வயது வரை தொடருங்கள்.

எழுத்து படிக்கும் காலத்தில் இடறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று கொம்பு. ‘கொக்கு’ என்பதில் முதல் எழுத்துக்கு மூன்று துண்டு: முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் அரவு. காதில் முதலில் விழுவது க், கண்ணில் முதலில் படுவது கொம்பு. பிள்ளை அங்கே நின்றுவிடுவது இயல்பு. மூன்றையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஒரே எழுத்தாகக் காட்டுங்கள். மற்றது நீண்ட சொல். ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ வந்ததும் கண் அடுத்த வரிக்குத் தாவும். ஒரு காகிதத் துண்டால் மறைத்து ஓடி, கொண்டு, இருந்த, போது என்று திறந்து காட்டி, பிறகு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

புத்தகம் பொருந்துமா என்று பார்க்க: ஒரு பக்கம் வாசிக்கையில் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டவேண்டிய புத்தகம். பிரித்ததும் விளங்கிவிடும் நீண்ட சொற்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பிறகு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பல பிள்ளைகளின் வாசிப்பு முதலில் அறுவது இங்கேதான். ரியூசன், மாதிரி வினாத்தாள் என்று ஒரு வருடம் போனதும் பந்தி என்றால் கீழே கேள்வி இருக்கும் என்று மனம் பழகிவிடும். அந்த வருடமும் இரவில் 10 நிமிடக் கதையை விடாதீர்கள். ‘இதிலிருந்து என்ன படித்தாய்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் வாசிப்பு குறையத்தான் செய்யும். அதற்கு முன் ருசி பிடித்த பிள்ளை திரும்பி வரும், அதனால் அங்கே அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

மகள் காண நீங்கள் வாசிப்பது தாளில் இருக்கட்டும். போனில் நீங்கள் நாவல் வாசித்தாலும் அவளுக்கு அது போன்தான். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, அவள் தூங்கியபின் அதைத் திறக்கலாம். பக்கங்கள் ஸ்கேன் செய்தவை என்பதால் சின்னத் திரையில் கண் நோகும். இறக்கிவைத்து, டேட்டாவை நிறுத்தி, போனைக் குறுக்காகப் பிடியுங்கள். பொது நூலகத்தில் அங்கத்துவம் எடுப்பதும் நல்லது. திருப்பிக் கொடுக்க ஒரு திகதி இருந்தால் புத்தகம் முடியும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், மகளோடு போய்ப் பழக அது வசதியான தருணம்.

அம்மம்மா வீட்டுப் பழைய புத்தகங்களில் ஒரு கவனம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய அச்சில் ணா, றா, னை, லை போன்றவை வேறு உருவில் இருக்கும். எழுத்து படிக்கிற பிள்ளையின் கையில் அதைக் கொடுக்காமல் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று நம் ஊர்க் காற்று. உப்புக்காற்றில் மெல்லிய சிறுவர் புத்தகங்களின் நடுவில் குத்தியிருக்கும் கம்பிப் பின் இரண்டு மாரியில் துருப்பிடித்து, நடுத்தாளைத் தின்றுவிடும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஐப்பசிக்கு முன் பின்னின் காலை மழுங்கிய கத்தியால் நிமிர்த்திக் கழற்றி, நடுமடிப்பில் மூன்று துளை போட்டு, இரட்டைப் பருத்தி நூலால் தைத்து உள்ளே முடிச்சுப் போடுங்கள். தங்கூசி (நைலோன் நூல்) வேண்டாம், அது தாளை அறுத்துவிடும்.