படிகம் வளர்க்கும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

வணக்கம் அம்மா. மகள் வேதியியல்தான் வேண்டும் என்கிறாள், பெரியப்பாவும் மாமாவும் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டால் எதிர்காலமே இல்லை என்கிறார்கள், தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. பெரியவர்கள் சொல்வது தவறு. அந்த வகுப்பில் நான்கு வருடம் உட்காரப்போவது அவர்கள் அல்ல.

போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மயில்துத்தத்தைக் கரைத்து அவள் வளர்த்த நீலப் படிகம் இன்னும் ஜன்னலோரம் இருக்கிறதாம். என் கண் அங்கேதான் நின்றது.

ஆசிரியர் வேலை, மருந்து நிறுவன வேலை எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: பேட்டரிக்கான பொருள்களை உருவாக்கும் ஆராய்ச்சி. லித்தியம் பேட்டரியின் ஆனோடில், அதாவது சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்ச் சேரும் எதிர்மின் முனையில், இன்று பெரும்பாலும் கிராஃபைட் என்ற கார்பன். அது சேமிக்கும் மின்சாரம் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி, அதுதான் அதன் உச்சவரம்பு. துருவுக்கு நெருங்கிய உறவான இரும்பு ஆக்சைடுக்குக் கணக்குப்படி சுமார் 1,007! ஆனால் லித்தியம் உள்ளே புகுந்தால் அது உப்பும், வெளியேறினால் சுருங்கும். சில முறை சார்ஜ் ஏற்றி இறக்குவதற்குள்ளேயே நொறுங்கி உதிர்ந்துவிடும். துகளை நானோ அளவுக்குக் கொண்டுவந்தால் அந்த உப்பலை ஓரளவு தாங்கும். பத்து மைக்ரான் துகளை நூறில் ஒரு பங்காக, அதாவது நூறு நானோமீட்டராக்கினால், லித்தியம் உள்ளே பரவும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். தொல்லையும் உண்டு. மேற்பரப்பு கூடுவதால், பேட்டரிக்குள் லித்தியத்தைச் சுமக்கும் கரைசலான எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்து, முதல் சார்ஜிலேயே கணிசமான லித்தியம் வீணாகும். இதற்கு வழி தேடுவதே ஒரு தொழில்.

வேலை எப்படி இருக்கும்? இரும்பு உப்புக் கரைசலை டெஃப்ளான் குடுவையில் ஊற்றி, பிரஷர் குக்கர் போல அழுத்தம் தாங்கும் எஃகு ஆட்டோகிளேவில் முறுக்கி மூடி, 180 டிகிரியில் இரவு முழுக்க வைப்பார்கள். காலையில் திறந்தால் அடியில் செம்பழுப்பு வண்டலாக இரும்பு ஆக்சைடு. கழுவி, உலர்த்தி, கார்பனும் பசையும் சேர்த்து மாவுபோல் குழைத்துச் செம்புத் தகட்டில் பூசுவார்கள். பிறகு ஆர்கான் வாயு நிரம்பிய குளவ் பாக்ஸ் என்ற மூடிய பெட்டிக்குள், அதில் பொருத்திய தடித்த கையுறையோடு, காசளவு பேட்டரி செல்லை மூட வேண்டும். ஈரம் பட்டால் லித்தியம் கெட்டுவிடும். வெப்பம் கொஞ்சம் மாறினாலும் துகளின் உருவமே மாறிப்போகும். பொறுமையாகப் படிகம் வளர்த்த பிள்ளைக்கு இது கைவரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. முதுநிலையில் பொருள் அறிவியலோ மின்வேதியியலோ எடுக்க வேண்டும். செலவில் கறாராக இருங்கள். கல்லூரியின் பெயருக்காகக் கடன் வாங்காதீர்கள். முதுநிலைக்குப் பணம் கட்டுமுன் குளவ் பாக்ஸும் பேட்டரி சோதனைக் கருவியும் இருக்கின்றனவா, மாணவர்கள் கையில் அவற்றைக் கொடுக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைக்கும் இடத்தில் மட்டும் சேரட்டும்.

அடுத்த முறை உறவினர்கள் பேச வரும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் அவள் பேசட்டும்.