இரு முனையிலும் 1729

கேள்வி: இராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 ஒரு வர்க்க எண் அல்ல. ஆனால், 1729 என்று தொடங்கி 1729 என்றே முடியும் வர்க்க எண் ஏதேனும் உண்டா? கணினியின் துணையின்றி அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: உண்டு. அப்படிப்பட்ட வர்க்கங்களில் மிகச் சிறியது 17299351729. அதன் வர்க்கமூலம் 131527. காகிதமும் பென்சிலும் இருந்தால் அரை மணி நேரத்தில் இதை எட்டிவிடலாம்.

வலது முனையிலிருந்து தொடங்குவதே நல்லது. ஏனெனில் ஒரு வர்க்கத்தின் கடைசி நான்கு இலக்கங்களை அதன் மூலத்தின் கடைசி நான்கு இலக்கங்களே தீர்மானிக்கின்றன. வர்க்கம் 9இல் முடிய வேண்டுமானால் மூலம் 3இலோ 7இலோ முடிய வேண்டும். 7ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னுள்ள இலக்கம் a என்றால், 7இன் வர்க்கமான 49 தரும் 4உடன் 4a சேர்ந்து 2இல் முடிய வேண்டும் என்பதால், a என்பது 2 அல்லது 7. ஆக மூலத்தின் முடிவு 27 அல்லது 77. இதே முறையில் நூறாம் இலக்கத்தைத் தேடினால் 027, 527, 277, 777 என நான்கு கிடைக்கும். இவற்றுள் 027, 277 இரண்டும் முட்டுச்சந்துகள்: 277இன் வர்க்கம் 76729, அதில் ஆயிரமாம் இடத்து 6உடன் எந்த இரட்டை எண்ணைக் கூட்டினாலும் 1 வராது. மற்ற இரண்டிலிருந்து 1527, 6527, 2777, 7777 ஆகியவை பிறக்கின்றன. (7777இன் வர்க்கம் 60481729 என்பதைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.) இவற்றைப் பத்தாயிரத்திலிருந்து கழித்தால் 3இல் முடியும் மற்ற நான்கும், அதாவது 8473, 3473, 7223, 2223 ஆகியவையும் வந்துவிடும்.

இனி இடது முனை. வர்க்கமூலம் காணப் பள்ளியில் இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்தது நினைவிருக்கும். அதன்படி, தசமப் புள்ளியின் இடத்தைப் பொருட்படுத்தாவிட்டால், மூலத்தின் முன் இலக்கங்கள் 41.581க்கும் 41.593க்கும் இடையிலோ (1729, 1730 ஆகியவற்றின் மூலங்கள்), 131.491க்கும் 131.529க்கும் இடையிலோதான் (17290, 17300 ஆகியவற்றின் மூலங்கள்) அமைய முடியும். ஐந்திலக்கம் வரை இந்த எல்லைகளுக்குள் வருபவை மிகச் சில. அவற்றில் ஒன்றுகூட மேற்கண்ட எட்டு முடிவுகளில் எதையும் கொண்டதல்ல. ஆறிலக்கத்தில் 131492 முதல் 131529 வரை 38 எண்கள் உள்ளன. அவற்றுக்குள் 1527இல் முடியும் ஒன்று அகப்பட்டது முழுக்க முழுக்க அதிர்ஷ்டமே. அது தப்பியிருந்தால் 4158473 வரை போயிருக்க வேண்டும். எப்படியிருந்தாலும், மூலத்தில் ஓர் இலக்கம் கூடும்போதெல்லாம் இந்த எல்லையின் அகலம் ஏறத்தாழ பத்து மடங்காவதால், அது பத்தாயிரத்தைத் தாண்டியதும் ஏதேனும் ஒரு விடை அகப்பட்டே தீரும்.

கேள்வி: இராமானுஜன் பிறந்த 1887க்கும் மறைந்த 1920க்கும் இப்படிக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. எந்த வர்க்கமும் 7இல் முடியாது. பூச்சியத்தில் முடியும் வர்க்கத்தில் பூச்சியங்கள் இரட்டைப்படையில்தான் இருக்கும் என்பதால் 1920உம் அடிபட்டுப்போகிறது. தொடக்கமாக மட்டும் கேட்டால் தடையே இல்லை: 4345இன் வர்க்கம் 18879025, 4382இன் வர்க்கம் 19201924.