ஒரு நாள் துருக்கி போய் வரலாமா? முதலில் விசா ஸ்டிக்கரைப் பாருங்கள்

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம். நான், மனைவி, 14 வயது மகன், 68 வயது அம்மா. ஏதென்ஸ் பார்த்துவிட்டு ரோட்ஸ் தீவில் ஐந்து இரவுகள். எல்லோருக்கும் ஷெங்கன் விசா வந்துவிட்டது. ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் ஒரு நாள் கப்பலில் துருக்கியின் மார்மரிஸ், ஒரு நாள் லிண்டோஸ், ஏழு ஊற்று, பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு, காமிரோஸ் நான்கும் சேர்த்து பஸ் டூர், ஒரு நாள் சிமி தீவு என்று இருக்கிறது. துருக்கிக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவதால் விசாவில் ஒரு பிரச்சினையும் வராது, இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்துவதில்லை என்கிறார். நம்பலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. லிண்டோஸ் ஏற முடியுமா?
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம். மற்றதைப் படிப்பதற்கு முன் பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஸ்டிக்கரைப் பாருங்கள். 'நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 01 என்று இருந்தால், அதாவது ஒரே ஒரு முறை நுழைய மட்டும் அனுமதி என்றால், மார்மரிஸ் பயணம் உங்களுக்கு இல்லை. ரத்து செய்துவிடுங்கள்.

மார்மரிஸ் வேகக் கப்பலில் ஒரு மணி நேரம்தான். ரோட்ஸ் நகரத்தில் நின்றாலே துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் இது பக்கத்து ஊருக்குப் போய் வருவதுபோலத் தோன்றுகிறது. ஆனால் கப்பல் ஏறும் முன் கிரேக்க இமிக்ரேஷனில் நீங்கள் ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லையை, விட்டு வெளியேறுகிறீர்கள். அந்த நிமிடத்தோடு ஒற்றை நுழைவு விசாவின் கதை முடிந்தது. அதில் இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கலாம், ரோட்ஸ் ஓட்டல் அறையில் உங்கள் பெட்டிகள் இருக்கலாம், ஏதென்ஸிலிருந்து ஊர் திரும்ப டிக்கெட் இருக்கலாம். மாலையில் திரும்பி வரும்போது அதெல்லாம் கணக்கில் வராது.

முத்திரை விஷயத்தில் ஏஜென்ட் சொல்வது பாதி உண்மை. ஐரோப்பிய எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக கணினிப் பதிவு வந்திருக்கிறது. கைரேகையும் முகப் படமும் எடுத்து, உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி எல்லாவற்றையும் கணினியே வைத்துக்கொள்கிறது. முத்திரை இருந்த காலத்திலாவது மங்கலாக விழுந்தது, பக்கம் மாறியது என்று ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. முத்திரை இல்லாததை வைத்து "நீங்கள் வெளியே போனது யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் அந்த வரிசையில் நின்றதே இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு கதையும் சொல்வார்கள்: "தீவுக்கென்று தனி விசா இருக்கிறது, துறைமுகத்திலேயே கொடுக்கிறார்கள்." இருக்கிறது, உண்மைதான். 2024-இல் தொடங்கிய அந்த ஏழு நாள் விசா, துருக்கியிலிருந்து ரோட்ஸ், கோஸ் போன்ற சில தீவுகளுக்கு வரும் துருக்கிக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உரியது. இந்திய பாஸ்போர்ட்டோடு அந்த ஜன்னலில் போய் நிற்பதில் பயன் இல்லை.

சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? துருக்கி உங்களை உள்ளே விட்டுவிடும். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் துருக்கி இணையத்திலேயே இ-விசா கொடுக்கிறது. வலை விரிந்திருப்பது இங்கேதான். போக வழி சுலபம், வர வழி இல்லை. புதிய ஷெங்கன் விசாவுக்குப் பொதுவாக நீங்கள் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எனவே மார்மரிஸிலிருந்து தலமான் விமான நிலையம், அங்கிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து இந்தியா என்று புது டிக்கெட் எடுத்து, கட்டிய துணியோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். அம்மாவின் மாத்திரைகள் ரோட்ஸ் ஓட்டலில் கிடக்கும்.

சரி, ஸ்டிக்கரில் 'மல்ட்' என்று, அதாவது பல முறை நுழைய அனுமதிக்கும் மல்டிபிள் என்ட்ரி, இருந்தால்? அப்போது போகலாம். ஆனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். "எங்களுக்கு மல்டிபிள்தான் சார்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பார்த்திருப்பது தன் ஸ்டிக்கரை மட்டும். விசா ஒவ்வொருவருக்கும் தனித்தனி. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று ஒரு விதி கொண்டுவந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டுப் பல நுழைவு விசா, அதன்பின் ஐந்தாண்டு. வேலை நிமித்தமாக ஜெர்மனி போய் வந்திருக்கும் அப்பாவுக்கு இதில் 'மல்ட்' கிடைத்திருக்கும். முதல் முறையாக வெளிநாடு கிளம்பும் பாட்டிக்கு 01 விழுந்திருக்கும். நான்கு பேர், ஒரே விமானம், ஒரே ஓட்டல், ஒரே வங்கிக் கணக்கு. வருகிற விசா மட்டும் ஆளுக்கொரு விதம். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை. விண்ணப்ப மையத்தைக் கேட்டால் "முடிவு தூதரகத்துடையது" என்பார்கள். தூதரகம் தொலைபேசியை எடுக்காது. எஸ்.எம்.எஸ். சேவைக்கும் கூரியருக்கும் தனித்தனியாகக் காசு வாங்கத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, ஒரு குடும்பத்தை ஒரு குடும்பமாகப் பார்க்க மட்டும் தெரிவதில்லை.

ஆகவே நான்கு ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் 'மல்ட்' என்றால் தாராளமாகப் போங்கள். 02 என்றால் ஏதென்ஸில் இறங்கும்போது ஒன்று கழிந்துவிடும், மார்மரிஸிலிருந்து திரும்பும்போது இரண்டாவதும் கழிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த விசாவில் வேறு எங்கேயும் வெளியே போய்த் திரும்ப முடியாது. யாராவது ஒருவரிடம் 01 இருந்தால் மொத்தக் குடும்பமும் ரோட்ஸிலேயே இருங்கள். "அம்மா ஓட்டலில் ஓய்வெடுக்கட்டும், நாம் போய் வருவோம்" என்பது உங்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிட மாட்டேன்.

துருக்கி இ-விசாவை அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். தேடினால் மேலே வரும் பல தளங்கள் அரசுத் தளம் மாதிரியே சின்னமும் சிவப்பு நிறமும் போட்டுக்கொண்டு, கட்டணத்தின் மேல் தங்கள் பங்கையும் வைத்து வாங்கும் இடைத்தரகர்கள்.

இப்போது அந்த நாளை என்ன செய்வது என்று பார்ப்போம். சிமி ஏற்கெனவே உங்கள் திட்டத்தில் இருக்கிறது, நல்லது. வரைபடத்தில் துருக்கியின் மடியில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும், ஆனால் அது கிரேக்கத் தீவு. உள்நாட்டுப் பயணம், இமிக்ரேஷன் கிடையாது. துறைமுகத்தைச் சுற்றி மலைச்சரிவில் மஞ்சளும் காவியுமாக அடுக்கியிருக்கும் வீடுகள், கடற்பஞ்சு எடுத்துச் செழித்த காலத்தில் கட்டியவை. ரோட்ஸும் சிமியும் அடங்கிய டோடகனீஸ் தீவுக்கூட்டத்தில் இருந்த ஜெர்மன் படை 1945 மே 8-இல் சரணடைந்து கையெழுத்திட்டதும் இந்த ஊரில்தான். அம்மாவுக்கு இங்கே சிரமம் இல்லை: துறைமுகக் கரை சமதளம். மேல் ஊருக்குப் போகும் காலி ஸ்ட்ராட்டா படிகள் சுமார் 500, அந்தப் பக்கமே அவரைக் கூட்டிப் போகாதீர்கள். மகன் ஏறட்டும். சுற்றுலாப் படகுகள் பல தீவின் தென்கரையில் பனோர்மிட்டிஸ் மடாலயத்திலும் நிற்கும். அதுவும் கடலோரமாகவே இருக்கிறது.

சிமிக்கு இரண்டு எச்சரிக்கை. ரோட்ஸ் நகரில் மந்த்ராகி, கொலோனா, அகாந்தியா என்று மூன்று துறைமுகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. உங்கள் படகு எதிலிருந்து கிளம்புகிறது என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். காலையில் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. அப்புறம், சிமியில் கைப்பேசி தானாகவே துருக்கி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ரோமிங் பேக்கில் துருக்கி இல்லையென்றால் பில் கண்ணைக் கட்டும். நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கிலிருந்து மாற்றிவிடுங்கள். பலத்த காற்று அடித்தால் படகு ரத்தாகும் என்பதால் சிமியைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

நான்கு இடம் ஒரே நாள் பஸ் டூர் என்பது என் பார்வையில் ஏமாற்று வேலை. லிண்டோஸும் ஏழு ஊற்றும் கிழக்குப் பக்கம், காமிரோஸ் என்ற பழங்கால நகர இடிபாடும் பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கும் மேற்குப் பக்கம். நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, நடுவில் ஒரு மட்பாண்டப் பட்டறை, ஒரு தேன் கடை என்று கமிஷன் தரும் இடங்களில் இறங்கி ஏறி, லிண்டோஸுக்கு நல்ல வெயிலில் போய்ச் சேர்வீர்கள். இதில் செப்டம்பர் கடைசியில் பட்டாம்பூச்சி வேறு காட்டுகிறாராம்! அங்கே வருபவை உண்மையில் ஒருவகை அந்துப்பூச்சிகள், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த ஈர நிழலில் மரங்களில் அப்பிக்கொண்டிருக்கும். கூட்டம் நிறைந்திருப்பது ஆகஸ்டில். நீங்கள் போகும் நேரத்தில் பெரும்பாலானவை போயிருக்கும். ஓடையும் மரநிழலும் போதும் என்றால் போகலாம், அதற்கும் ஏற்றத்தில் நடக்க வேண்டும். யாராவது பூச்சிகளைப் பறக்கவைக்கக் கைதட்டச் சொன்னால் தட்டாதீர்கள், அது அங்கே தடை. தட்டித் தட்டியே அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள்.

லிண்டோஸுக்கு ஒரு நாளை முழுசாக ஒதுக்கிவிடுங்கள். ரோட்ஸ் நகரிலிருந்து 50 கிலோமீட்டர்போல, பஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கிழக்குக் கரைக்கு ஒரு பஸ் நிறுவனம், மேற்குக் கரைக்கு வேறு நிறுவனம். இரண்டுக்கும் நிறுத்தம் பழைய சந்தைக் கட்டடமான நேயா அகோராவின் பக்கத்தில்தான், ஆனால் ஒன்றின் நேர அட்டவணையை மற்றொன்றில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். லிண்டோஸ் ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் பழங்காலக் கோட்டைதான் நீங்கள் ஏற வேண்டியது, அது கடலிலிருந்து 116 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படிகள் ஏறக்குறைய 300, நிழல் இல்லை, பல இடங்களில் கால்பட்டு மழமழத்துப்போன கல்.

அம்மா ஏற வேண்டாம். ஏறிவிடக்கூட முடியும், முழங்காலைப் பிடிப்பது இறக்கம்தான். "கழுதை இருக்கிறதே" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். கழுதை ஊர்ச் சதுக்கத்திலிருந்து நுழைவாயிலுக்குக் கீழே வரைதான் போகும், செங்குத்தான படிகள் அதற்கு மேல்தான் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரருக்குக் கழுதைமேல் ஏறி இறங்குவதே பாதி வேதனை. கழுதைகள் படும் பாட்டைப் பார்த்து, 100 கிலோவுக்கோ, கழுதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கோ மேல் சுமை ஏற்றக் கூடாது என்று கிரீஸ் 2018-இல் விதி போட்டது. வெயிலில் நிற்கும் அவற்றைப் பார்த்த பிறகு உங்களுக்கே மனம் வராது.

அம்மாவும் மனைவியும் கீழே ஊருக்குள் இருக்கலாம். பனாகியா தேவாலயத்தில் சுவர் முழுக்க ஓவியம், தரையில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் கோலம். பிறகு மொட்டை மாடி உணவகம் ஒன்றில் உட்கார்ந்தால் கோட்டை முழுதாகத் தெரியும். நீங்களும் மகனும் மேலே போங்கள். உள்ளே பெரிய படிக்கட்டின் அடியில் பாறையிலேயே செதுக்கிய கப்பலின் பின்பகுதி இருக்கும், கி.மு. 180 வாக்கில் செய்தது. எல்லோரும் மேலே உள்ள அதீனா கோயில் தூண்களைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நுழைவுச் சீட்டைக் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் எடுங்கள். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விற்கும் தனியார் சீட்டுகளில் பல, அதே சீட்டுதான், விலை மட்டும் கூட.

மார்மரிஸுக்கு வைத்திருந்த நாளை ரோட்ஸ் பழைய நகரத்துக்குக் கொடுங்கள். செயின்ட் ஜான் மாவீரர் சபை எனும் கிறிஸ்தவத் துறவிப் போர்வீரர்கள் 1309 முதல் 1522 வரை ஆண்ட நகரம், மதிலோடு முழுசாக நிற்கிறது. தரை கூழாங்கல், அம்மாவுக்குத் தடிமனான அடி வைத்த செருப்பு வேண்டும். மாவீரர் அரண்மனை 1856-இல் வெடிமருந்து வெடித்துத் தூளானது. இன்று பார்ப்பது இத்தாலியர்கள் 1930-களில் கட்டி எழுப்பியது, தரைச் சித்திரங்கள் கோஸ் தீவிலிருந்து கொண்டுவந்தவை. வழிகாட்டி இதைச் சொல்லவில்லையென்றால் கூலியைக் குறைத்துக் கொடுங்கள்.

காமிரோஸுக்கு பஸ் குறைவு, கார் எடுத்தால்தான் சரி. அதற்கு இந்திய லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். லைசென்ஸில் ஆங்கிலம் இருந்தால் போதும் என்று வாடகைக் கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிடலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கப்போவது அந்த அனுமதியைத்தான். கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஏஜென்ட்டிடம் மார்மரிஸ் கப்பல் பணத்தையும் இன்றே எழுத்தில் திரும்பக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், 01 விசாவில் போய் வரலாம் என்று அவர் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.